ஸ்டூடியோத் திரையில் ஒரு மலை

என் கையெழுத்துக்காக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. வாயில் வருகிறபடி போட்டுவிடுவேன். வரிகளும் நேராகப் போகாது, வலது பக்கம் போகப் போக மேலே ஏறிவிடும். தகரத்தில் வெட்டிய எழுத்தை வைத்து மை அடித்தே பழகிய கை இது. தப்பாக இருக்கிற இடங்களைப் படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒரு துணியைப் பற்றி. அதில் ஒரு மலையும் சில மரங்களும் போட வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வேலை. அந்த வேலை என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் தோட்டம் பதுளைக்கும் எல்லவுக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து மேலே ஏறிப் போகிற இடத்தில் இருக்கிறது. எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தூள் செய்கிற தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். தூளை அடைத்த பெட்டிகளின் மேல் தகர அச்சை வைத்து, கறுப்பு மையைத் தொட்டு, தோட்டத்தின் பெயரும் தூளின் ரகமும் அடிப்பேன். மழை விட்டதும், நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வருடம் திருவிழாவுக்கு முன்னால் கோயில் சுவரில் ஒரு மயில் போடச் சொன்னார்கள். போட்டேன். கால் கோழிக்கால் மாதிரி வந்துவிட்டது. தோகை மட்டும் எப்படியோ நன்றாக அமைந்தது.

தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்த பதுளை ஸ்டூடியோ முதலாளி அந்த மயிலைப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று கேட்டார். எல்லோரும் என் பக்கம் கையைக் காட்டினார்கள். நான் தண்ணீர் பீப்பாய்க்குப் பின்னால் நகர்ந்தேன். புது ஆள் யாராவது என்னைப் பார்த்துப் பேசினால் எனக்குக் காது சூடாகிவிடும். இன்றைக்கும் அப்படித்தான்.

“மயிலு போட்டவரே, ஒளிஞ்சுக்கிட்டா எப்படிங்க? நம்ம கடைக்கு ஒரு திரை வேணும். போட்டுத் தருவீங்களா?” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். எதற்காக ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போனேன். படம் பிடிக்க வருகிறவர்களுக்குப் பின்னால் தொங்குகிற பழைய திரையை முதலாளி காட்டினார். கொழும்பில் ஆயத்தமாக வாங்கியதாம். தூண், படிக்கட்டு, பூந்தொட்டி எல்லாம் இருந்தன. ஆனால் சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் தவிர ஒரு நிறம் கிடையாது. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, தூண்கள் சிரங்கு வந்த கால்கள் மாதிரி நின்றன. போட்டவருக்கு வர்ணம் வாங்க வசதியில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி மேசையின் அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னின் மூடியை எடுத்துக் கொடுத்தார். அதில் ஏதோ வெளிநாட்டு மலை. உச்சியில் பனி. மலைக்கு முன்னால் வரிசையாக மரங்கள், சிவப்பும் மஞ்சளுமாக.

“இதேதான் வேணும். ஆளு உயரத்துக்கு மேல வரணும். உள்ள வர்ற சனம் இதப் பாத்ததும் அப்படியே நின்னுறணும்” என்றார்.

அந்த மூடியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே என் தங்கை பார்த்துவிட்டாள். அங்கேதான் என் கஷ்டம் தொடங்கியது.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியா என்றும் சிலருக்கு இலங்கை என்றும் எழுதியிருந்தது. நான் இங்கே இருக்கப்போகிறவன். தங்கை, புருஷனோடும் மாமியாரோடும் பிள்ளைகளோடும் திருச்சிப் பக்கம் போகப்போகிறவள். அப்பாவும் அம்மாவும் செத்துப்போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான் என்று இருந்தோம். பாஸ்போட்டுக்காக அவர்களை ஒரு வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருந்தார்கள். அதை என்னிடம் காட்டினாள்.

“இதப் பாருங்கண்ணே. கோழி திருடி மாட்டுன குடும்பம் மாதிரி நிக்கிறோம். இதையா அங்க போயி சொந்தக்காரங்ககிட்ட காட்டுறது? நீங்க போடுற மலைக்கு முன்னாடி நின்னு ஒரு படம் எடுக்கணும். நீங்களும் எங்களோட நிக்கணும். எங்கண்ணன் போட்ட மலைன்னு ஊருக்கே காட்டுவேன். அப்புறந்தான் கப்பல் ஏறுவேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் அப்படிச் சொல்லி விட்டுக்கொடுத்த காரியம் ஒன்றும் கிடையாது. கப்பலுக்கு நாள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் உடனே மூட்டை கட்ட வேண்டும். அதற்குள் என் மலை முடிந்தாக வேண்டும்.

காடாத் துணியை அகலத்துக்கு இணைத்துத் தைத்தேன். துணி வர்ணத்தைக் குடித்துவிடாமல் இருக்க முதலில் கஞ்சி பூச வேண்டும். அரிசிக்கும் மாவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம் அது. மரவள்ளிக் கிழங்குதான் எங்களுக்குச் சோறு. அந்தக் கிழங்கு மாவில் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சினேன்.

என் மனைவி அடுப்பு வாசலில் நின்று பார்த்தாள். “வயித்துக்கு ஊத்தக் கஞ்சியில்ல. நீங்க துணிக்கு ஊத்துறீங்களாக்கும்?” என்றாள். நான் குனிந்துகொண்டு கிண்டினேன். கஞ்சிக்கு மேல், லயத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பையே இரண்டு பூச்சுப் பூசினேன். எனக்குத் தெரிந்த வெள்ளை அதுதான்.

துணி, லயத்தில் எங்களுக்கென்று இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவுக்குள் விரியாது. வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியிருக்கும். கணக்கப்பிள்ளையிடம் என் மனைவியை அனுப்பி அதன் சாவியை வாங்கினேன். அங்கே சுவரில் துணியைக் கட்டித் தொங்கவிட்டுத் தொடங்கினேன்.

முதலில் மலை. டின் மூடியில் மலை வெறும் மலையாக இருந்தது. என் துணியில் அதன் குறுக்கே கோடுகள் வந்தன. சரிவு என்று ஒன்று வந்ததும் என் கை அதில் தேயிலை வரிசை போட்டது. வரிசைகளுக்கு நடுவில் தண்ணீர் வடியக் கான், கானின் ஓரத்தில் ஒரு தடம். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் வந்தன. பனி கிடக்கிற உச்சிக்குக்கூட ஒரு தடம் ஏறிப் போனது. மலை என்றாலே எங்களுக்குத் தேயிலைதான். “இன்னைக்கு எந்த மலையில வேல?” என்றுதானே காலையில் கேட்டுக்கொள்கிறோம்.

எட்டிப் பார்த்த கங்காணி நாடியைத் தடவினார். “அந்தப் பனிக்குள்ள யாருப்பா கொழுந்து எடுக்குறது? எம் பொம்பளையாளுகள அங்க அனுப்ப மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தூரிகையை நீலச் சட்டிக்குள் விட்டுக் கலக்கிக்கொண்டே நின்றேன், அவர்கள் போகும்வரை.

துணியைச் சுருட்டி பஸ்ஸில் பதுளைக்குக் கொண்டுபோனேன். முதலாளி விரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏங்க, தோட்டத்தக் கொஞ்ச நேரம் மறக்கலாம்னு நெனச்சுத்தான் சனம் இங்க வந்து நிக்கிது. நீங்க மறுபடியும் தேயிலைக்குள்ளயே கொண்டுபோயி நிப்பாட்டுறீங்களே!”

திரும்பக் கொண்டுவந்து மலை முழுவதையும் சுண்ணாம்பால் மூடினேன். பல ஞாயிறுகள் இப்படியே போயின. மலையைப் பார்த்து மலை போட முடியவில்லை. ஒரு நாள் அலுத்துப்போய் மூடியைத் தலைகீழாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அது மலையாகவே தெரியவில்லை. மழைக்காலத்தில் லயத்துச் சுவரில் ஈரம் படருமே, அந்தக் கறை மாதிரி இருந்தது. கறைகளை எனக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் அவற்றை மூடுகிறவன் நான்தான். எந்தக் கறை எங்கே கனக்கிறது, எங்கே வெளிறுகிறது என்று பார்த்துப் பார்த்துத் துணியிலும் தலைகீழாகவே போட்டேன். துணியைத் திருப்பிக் கட்டியபோது மலை நின்றது. கோடு ஒன்றும் இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இதற்கா இத்தனை மாதம் என்று ஆத்திரம்தான் வந்தது.

அடுத்து மரங்கள். இங்கே நான் செய்த தப்பை எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். எங்கள் பக்கத்துக் காட்டில் மரம் துளிர்க்கும்போது சிவப்பாகத்தான் துளிர்க்கும். மாந்தளிர் சிவப்பு. கறுவாத் தளிர் சிவப்பு. நாகமரம் துளிர்த்தால் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும். அதனால் டின் மூடியில் இருந்த சிவப்பைப் பார்த்ததும், புதுத் துளிர் விட்டு நிற்கிற மரங்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். உள்ளே முற்றிய பச்சை இலையாகப் போட்டு, கிளை நுனிகளில் மட்டும் சிவப்பு வைத்தேன். மூடியில் அப்படி இல்லையே என்று ஒரு சந்தேகம் வந்தது. டின்னில் அச்சடித்தவன் அவசரத்தில் அப்பிவிட்டான் என்று சமாதானம் செய்துகொண்டேன். நிழல்மரங்களுக்குச் செய்கிற மாதிரி அடிக்கிளைகளையும் வெட்டிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்த பெண்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள்.

“அடியே, இங்க வந்து பாரு, என்னமா கொழுந்து வந்திருக்கு!”

“இத இப்பவே எடுக்கணும்டி. விட்டா முத்திப்போகும்.”

“ஏணி வச்சுத்தான் எடுக்கணும். அண்ணே, ஏணிக்குத் தனியாச் சம்பளம் உண்டா?”

கேலிதான். ஆனால் பிடித்துப்போய்ச் செய்த கேலி. அந்தத் துணிக்கு முன்னால் நான் நிமிர்ந்து நின்றது அன்றைக்குத்தான்.

முதலாளி பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார்.

“தளிரா? யாருங்க சொன்னது? இது பழுத்த எலைங்க. விழப்போற எல. அந்த ஊருல குளிரு வர்றதுக்கு முன்னாடி எல்லா மரமும் இப்படித்தான் பழுக்கும். அப்புறம் கொட்டி மொட்டையாயிரும்.”

“எல்லா மரமுமா?” என்று கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

“எல்லாந்தான். ஒரே நேரத்துல.”

“பட்டுப்போயிருமா?”

“அதெல்லாம் போகாது. அடுத்த வருசம் துளிர்க்கும். அதப் பாக்கன்னே காரு எடுத்துக்கிட்டுப் போவாங்களாம்.”

பஸ் ஸ்டாண்டில் துணிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தேயிலைச் செடியில் இலை எல்லாம் ஒன்றாக மஞ்சளித்தால் அதைப் பிடுங்கி எறிவோம். மலை முழுவதும் அப்படிப் பழுத்து நின்றால் எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பார்க்காததை எப்படிப் போடுவது?

பதுளை டவுனில் ஒரு கொட்டம்பா மரம், நாட்டு வாதுமை என்பார்களே அது, இருந்தது. அதன் இலைகள் சிவந்து விழும் என்பது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு டவுனுக்குப் போகிற போதெல்லாம் அதன் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பேன். சிவப்பு நுனியில் இல்லை. பழைய இலைதான் முதலில் சிவந்தது. ஒரே இலையில் சிவப்பு, மஞ்சள், மிச்சமிருக்கிற பச்சை, கறுத்த ஓட்டை எல்லாம் இருந்தன. நன்றாகப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் பக்கத்தில் வடை விற்கிற அம்மா, “தெனமும் வந்து நிக்கிறீங்களே தம்பி, யாரப் பாக்க?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். நான் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எங்கள் பக்கமே போகாத மொனராகலை பஸ். அதற்குப் பிறகு அந்த மரத்தின் பக்கம் போகவில்லை.

பார்த்தவரைக்கும் போதும் என்று, போட்டிருந்த இலைகளைச் சுண்ணாம்பால் மூடிவிட்டு மறுபடி தொடங்கினேன். அந்த நேரம் பார்த்துத் தங்கை, தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை துணியை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏய்யா, ஊருக்குப் போற நேரத்துல பட்ட மரத்துக்கு முன்னாலயா எங்கள நிப்பாட்டப் போற?”

“பட்ட மரம் இல்லத்தே. பழுத்த மரம். அடுத்த வருசம் துளிர்க்குமாம்” என்றாள் தங்கை.

“நாம துளிர்க்கிறத அங்க போயிப் பாத்துக்கலாம். இது ஆகாது.”

நான் தூரிகையை மஞ்சளில் தொட்டேன். கடையில் மஞ்சள் வர்ணம் கிடைக்காததால் சமையல் மஞ்சளைத்தான் கரைத்து வைத்திருந்தேன். வெள்ளைப் பூச்சின் மேல் தூரிகையை இழுத்தேன். இழுத்த மஞ்சள் எங்கள் கண் முன்னாலேயே சிவப்பாகிவிட்டது. இன்னொரு இடத்தில் இழுத்தேன். அங்கேயும் சிவப்பு.

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “அண்ணே, சுண்ணாம்புல மஞ்சளப் போட்டா வேற என்னண்ணே ஆகும்? மலைக்கே ஆலாத்தி எடுத்துட்டீங்களே!”

அத்தையும் சிரித்துவிட்டார். கிட்டே வந்து அந்தச் சிவப்பை விரலால் தொட்டு, பேரப்பிள்ளையின் நெற்றியில் வைத்தார். “ஆலாத்தி எடுத்தாச்சுன்னா சரி. நின்னுக்குவோம்” என்றார்.

அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் சுண்ணாம்பு அடிக்கிறவன், ஒவ்வொரு நல்ல காரியத்திலும் ஆலாத்தித் தண்ணீர் சிவப்பதைப் பார்த்தவன், எனக்கு எப்படி இது தோன்றாமல் போனது? அந்தச் சிவப்பாவது நிற்கும் என்று பார்த்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது வெளுத்து, சாணி நிறமாகிவிட்டது.

அந்த வாரமே கப்பலுக்கு நாளும் வந்துவிட்டது.

ஸ்டோரில் லீவு சொல்லிவிட்டு, துணியைப் பதுளைக்குக் கொண்டுபோய் ஸ்டூடியோவின் பின்னறையிலேயே கட்டினேன். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம், சிமெண்டுத் தரைக்குக் கலக்கிற சிவப்புத் தூள் இருந்தது. “வீடு கட்டுறீங்களா?” என்று கேட்டார். “மரத்துக்கு” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வச்சிரப் பசையைக் காய்ச்சி அதில் அந்தத் தூளைக் கலந்தேன். நிறம் பிடித்தது. நல்ல கனமான சிவப்பு. மரம் மரமாக வைத்துக்கொண்டே போனேன். நீல மலைக்கு முன்னால் அந்த மரங்கள் எரிகிற மாதிரி எழுந்தன. முதலாளி வாசலில் நின்று, “அடேயப்பா” என்றார். எனக்கும் போதும் என்று தோன்றியது. அந்தத் துணியைப் பார்த்து எனக்கு எரிச்சல் வராமல் இருந்தது அந்த இரண்டு மூன்று நாட்கள்தான்.

படம் எடுக்கிற அன்று எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டியில் வைத்திருந்த உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தார்கள். அத்தை நாற்காலியில். பிள்ளைகள் கீழே. நான் ஓரத்தில் நின்றேன்.

“கிட்ட வாங்கண்ணே. மலையப் போட்டவரு மலைக்கு வெளிய நிக்கிறீங்க” என்று தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

முதலாளி கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். “யாரும் ஆடக் கூடாது” என்றார். தங்கை உதட்டை அசைக்காமல், “மரம் எல்லாம் தெரியுதான்னு கேளுங்கண்ணே” என்றாள். நான் கேட்கவில்லை.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் படத்தை வாங்க நான் மட்டும் போனேன். முதலாளி உறையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் நன்றாக விழுந்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு மரம் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல். அத்தையின் தலைக்கு மேலே மட்டும் அந்தப் பனி, யாரோ துண்டு காயப்போட்ட மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது.

“சிவப்பையும் நீலத்தையும் ஒரே கனமாப் போட்டுட்டீங்க. கண்ணுக்கு ரெண்டும் வேற வேற. படத்துல ரெண்டும் ஒரே சாம்பல்” என்றார் முதலாளி. பிறகு தலையைச் சொறிந்தார். “நானும் யோசிச்சிருக்கணும். அந்தச் சிவப்பப் பாத்து நானும் மயங்கிட்டேன்.”

படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். அத்தனை மாதமும் சிவப்பு, சிவப்பு என்று அலைந்தேனே, ஒரு நாளாவது அது என் தலைக்குள் வந்ததா? பழைய திரை மூலையில் சுருட்டிக் கிடந்தது. அதைப் போட்டவரை ஏழை என்று நினைத்தேன். அவர் எதற்காகச் சாம்பலிலேயே போட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. முதலாளியின் முன்னால் கத்த வேண்டும் போல இருந்தது. “சரிங்க முதலாளி” என்று சொல்லிவிட்டு உறையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தங்கை வீட்டில் மூட்டைகளுக்கு நடுவில் நின்று படத்தை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள். அவள் புருஷன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“மச்சான், மலைய எங்க ஒளிச்சு வச்சீங்க?”

“சும்மா இருங்க” என்று அவரை முழங்கையால் இடித்தாள். என்னைப் பார்த்து, “நாங்க நல்லாத்தானேண்ணே விழுந்திருக்கோம்? நீங்களும் பக்கத்துல இருக்கீங்க. பின்னாடி மழ கட்டிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்” என்றாள்.

அத்தை படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். “பட்ட மரம் விழாமப் போனதே நல்லதுய்யா” என்றார்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அதைத் தாங்க முடியாமல், மூட்டை கட்டக் கயிறு தேடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் பதுளை ஸ்டேஷனில் எல்லோரும் அழுத அழுகையை எழுத எனக்குத் தெரியாது. அழுகைக் கோச்சி என்றுதான் அந்த ரயிலுக்கே பெயர். ரயில் நகரும்போது அவள் ஜன்னலில் தலையை நீட்டி, “அந்த மலையச் சரி பண்ணிருங்கண்ணே. அப்படியே விட்றாதீங்க” என்றாள்.

சரி பண்ணினேன். விளக்குப் புகைக் கரி, அடுப்புச் சாம்பல், சாக்குக்கட்டித் தூள். வேறு ஒன்றும் இல்லை. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நிறம் போய்க் கனம் மட்டும் தெரியும் என்பதைக் கற்றுக்கொண்டேன். பின்னால் மலை மங்க வேண்டும், முன்னால் மரம் வெளிச்சமாக நிற்க வேண்டும், அடிமரம் கறுக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் முடிந்துவிட்டது. படத்தில் விழுந்தபோது ஒவ்வொரு இலையும் தெரிந்தது. முதலாளி அதைப் பெரிதாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். எத்தனையோ தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் வந்து அதற்கு முன்னால் நின்றார்கள். தூரத்துப் பெரகலப் பக்கத்திலிருந்துகூட வந்தார்கள். நான் டவுனுக்குப் போனால் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பேன். மலை நன்றாக இருக்கும். மரங்கள் நன்றாக இருக்கும். முன்னால் யாரோ நிற்பார்கள். பார்த்துவிட்டு வேகமாக நடந்துவிடுவேன்.

இப்போது கலர்ப் படம் வந்துவிட்டது. முதலாளி போன மாதம் கொழும்பிலிருந்து சுவர் அளவுக்கு அச்சடித்த காகிதம் ஒன்று வாங்கி ஒட்டியிருக்கிறார். பனி மலை, சிவப்பு மரங்கள். என் துணி கழற்றப்பட்டுவிட்டது. முதலாளிக்குச் சங்கடம். “நல்லா ஒழைச்ச திரைங்க” என்றார். நான் அந்தக் காகிதத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். நுனியிலிருந்து அடிவரை சிவப்பு. ஒரு பச்சை இலை இல்லை. இத்தனை வருடமும் இது எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

பக்கத்து லயத்தில் ஒருவர் தன் தகப்பனைப் பார்க்கத் திருச்சிக்குப் போகிறார். தங்கைக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள் என்றார். தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை இழைத்து, அதில் அந்த மலையைப் போடத் தொடங்கினேன். இப்போது எல்லா வர்ணமும் கடையில் கிடைக்கிறது. மலை வந்துவிட்டது. மரமும் வந்துவிட்டது, கலரில் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் நிற்கிறது. அவர்களை மட்டும் முன்னால் நிறுத்த முடியவில்லை. முதலாளி எனக்கென்று போட்டுக் கொடுத்திருந்த அந்தப் பழைய படத்தின் பிரதியைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறேன். தங்கையின் முகம் கங்காணியின் முகம் மாதிரி வருகிறது. சுரண்டிவிட்டு மறுபடி போட்டால் பாஸ்போட்டுப் படத்தில் நின்ற மாதிரி விறைத்துக்கொள்கிறாள். பிள்ளைகள் இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. சுரண்டிச் சுரண்டி அந்த இடத்தில் பலகை சிலும்பிவிட்டது.

“விடுங்களேன்” என்றாள் என் மனைவி. “வெறும் புல்லாவே இருக்கட்டும். நீங்க போட்டுக் காட்டித்தான் அவளுக்கு அவ மூஞ்சி தெரியணுமா?”

புல்லைப் போட்டு மூடினேன். சிலும்பிய இடத்தில் பச்சை ஒழுங்காகப் பிடிக்கவில்லை. அவர் நாளைக்கு விடியக் கிளம்புகிறார். வர்ணம் இன்னும் காயவில்லை, பேப்பரைச் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும். சுற்றி, கயிறு கட்டி, கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

1982 ஓகஸ்ட் 14, சனிக்கிழமை.